கோலுக்குப் பின்னால் தெல்மா

கெல்டன் டவுன் மைதான வாசலில், சுழல்கதவுக்குப் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பது என் வேலை. வேலை என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர சம்பளம் எதுவும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பீர் வாங்கித் தருவார்கள், அதுவும் சேர்மன் கிளைவ் நல்ல மனநிலையில் இருந்தால். நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆட்களை ஏற்றுவதும் கதவைச் சாத்துவதும் உனக்குப் பழகிய காரியம்தானே நெவில் என்று சொல்லி இதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கிளப்பைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. டிவியில் வருகிற கிளப்புகளிலிருந்து படி இறங்கி, இன்னும் இறங்கி, போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து மேலும் இரண்டு படி இறங்கினால் நாங்கள் இருப்போம். எங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவன் தபால்காரன், ஒருவன் கூரை போடுகிறவன், இன்னொருவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மைதானம் ரயில் பாதைப் பக்கமாகச் சரிந்து கிடக்கும். மழைக்காலத்தில் அந்த முனையில் கோல் கீப்பர் நிற்கும் இடம் சேறாகிவிடும்.

ஆட்டத்துக்கு வருகிற இருநூறு சொச்சம் பேரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். எங்கள் ஆட்கள் எந்தக் கோலில் பந்தைப் போடப் போகிறார்களோ, அந்தக் கோலுக்குப் பின்னால் போய்க் கம்பியில் சாய்ந்து நிற்பார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது கூட்டமும் கிளம்பி, டீ விற்கிற தகரக் கொட்டகையைத் தாண்டி, மறுமுனைக்கு நடக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மந்தை மாதிரிப் போவார்கள், மந்தை மாதிரி வருவார்கள்.

அந்த மந்தைக்கு எதிரே ஒரே ஒருத்தி நடந்து வருவாள். அவள்தான் தெல்மா அக்ராய்ட். கூட்டம் ரயில் முனைக்குப் போகும்போது அவள் டீக்கொட்டகை முனைக்கு வருவாள். அவர்கள் திரும்பினால் இவள் அங்கே போவாள். எப்போதும் எங்கள் கீப்பருக்குப் பின்னால்தான் அவள் இடம். எங்கள் அணி ஆறு கோல் போட்ட ஆட்டத்தில்கூட ஒன்றையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. எங்கள் வலைக்குள் விழுந்தவற்றை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறாள். அப்படி விழுந்தவை ஏராளம்.

ஆட்டம் பார்க்கத்தான் வந்தாளா என்றால் அதுவும் சந்தேகம். இருபது வருஷத்துக்கு மேல் வந்தும் ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் ஒருமுறை உப்பு டப்பா, மிளகு டப்பா எல்லாம் வைத்து விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குப்பா? போட்டா போட்டதுதானே" என்றாள்.

அவள் வந்தது பேசுவதற்கு. எங்கள் மாதிரி மைதானங்களில் கீப்பர் தும்மினால் பின்னால் நிற்பவர் கைக்குட்டை நீட்டலாம், அவ்வளவு பக்கம். பந்து மறுமுனையில் இருக்கும்போது கீப்பருக்கும் வேலையில்லை. இப்போதைய கீப்பருக்கு முன்னால் இருந்த ஜோயல் ஹர்ஸ்டோடு அவள் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன். ஜோயல் இருபது வயதுப் பையன், டயர் கடையில் வேலை, தென்னை மரம் மாதிரி உயரம். பேச்சுக்கு நடுவிலேயே தன் அணி ஆட்களைப் பார்த்தும் கத்துவான்.

"என்ன தம்பி, மதியம் சாப்டியா?"

"ரெண்டு முட்டையும் ரொட்டியும். உங்க வீட்டுக் குழாய் என்னாச்சு? ஆள் வந்தானா?"

"வந்தான், வந்தான். பாத்துட்டுத் தலைய ஆட்டிட்டுப் போயிட்டான்."

"தலைய ஆட்டவா கூப்ட்டீங்க? — டேய் டாம், உன் ஆளு, உன் ஆளப் பிடி! ஏறு! ஏறு! — அப்பறம்?"

"அப்பறம் என்ன, அடியில பக்கெட் வச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை நான் வந்து பாக்கறேன். வாஷர்தான் போயிருக்கும். — ரெஃப்ரி! கண்ணத் தொறந்து பாருய்யா! — காசெல்லாம் வேணாம், டீ போட்டுக் குடுங்க, போதும்."

"பந்து வருது தம்பி."

"பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இரண்டடி முன்னால் போய்ப் பந்தை அள்ளிக்கொண்டான். அந்தத் திங்கட்கிழமை நிஜமாகவே போய்க் குழாயைச் சரிசெய்தும் கொடுத்தான்.

தெல்மா எங்கள் ஊர்க்காரி இல்லை. கடலோரத்தில் மீன் பொட்டலம் கட்டுகிற தொழிற்சாலையில் இருந்தவள். அம்மா இருக்கும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன வருஷமே தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். நாற்பது வயதில் இங்கே கம்பள ஆலையில் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஆலையில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அந்த வித்தை சின்ன வயதிலேயே படிந்துவிட வேண்டும். நாற்பதில் வந்தவளுக்கு எங்கே படியும்? சாப்பாட்டு வேளையில் ஒரே மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் ஒருத்தியும் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. புதிதாக வந்தவரோடு பேச முப்பது வருஷம் யோசிப்பார்கள், அவ்வளவுதான்.

மைதானத்தில் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அவள் புருஷன் கீப்பராக இருந்து செத்துப்போனான் என்றான் ஒருவன். கீப்பராகும் வயதில் மகனைப் பறிகொடுத்தவள் என்றான் இன்னொருவன். கதை கட்டியவர்களில் ஒருவனாவது அவளிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வருஷம் எங்களுக்குப் பைத்தியக்கார அதிர்ஷ்டம் அடித்தது. கோப்பைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, நவம்பரில் நிஜமான லீக் கிளப் ஒன்று எங்கள் சரிவு மைதானத்துக்கே வந்து ஆட வேண்டும் என்று சீட்டு விழுந்தது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. கிளைவ் புது கோட்டு வாங்கினான். போலீஸ்காரர்கள் வந்து மைதானத்தை அளந்துவிட்டு, வெளியூர்க் கூட்டம் ஆயிரம் பேர் வரும், ரயில் முனை முழுக்க அவர்களுக்குத்தான், நடுவில் தடுப்பு, இடைவேளையில் யாரும் முனை மாறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லோருக்கும் அது ஒரு நாள் தொந்தரவு. தெல்மாவுக்கு மட்டும் அப்படியில்லை. அன்றைக்கு ஜோயலைப் பார்க்கப் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பையன் நன்றாக ஆடினால் போய்விடுவான். அவள் அவனோடு நிற்கக் கிடைக்கிற கடைசி ஆட்டமாக அது இருக்கலாம். அதில் பாதி அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

கூண்டுக்கு வந்து நின்றாள். "நெவில், ஏதாவது வழி இருக்கா?"

இந்த ஒரு விஷயத்தைத் தவிர அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் மூளையைக் கசக்கி ஒரு யோசனை கண்டுபிடித்தேன். ரயில் முனையில் கம்பிக்கு உள்ளே, கோலுக்குப் பின்னால், மஞ்சள் சட்டை போட்ட காவல் ஆட்கள் நிற்க வேண்டும். ஆள் போதவில்லை என்று கிளைவ் புலம்பிக்கொண்டிருந்தான். தெல்மா பெயரைக் கொடுத்தேன். வியாழக்கிழமை அதற்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். முடிந்ததும் கிளப் பாரில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, சட்டை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அஞ்சு பேரு உள்ள போகலாம் போல. ஆனா ஒரு விஷயம் நெவில். ஆட்டத்தப் பாக்கவே கூடாதாம். கூட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கணுமாம். கோல் பக்கம் முதுகு."

எனக்கு ஐயோ என்றிருந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்பதை டிவியில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். யோசனை சொல்லும்போது அது மண்டையில் ஏறவில்லை.

"அப்ப என்னம்மா பிரயோஜனம்? சட்டையத் திருப்பிக் குடுத்துரு. டீக்கொட்டகைப் பக்கம் நில்லு. ஒரு பாதியாவது அவனப் பாக்கலாம்."

"பரவால்ல. காது இருக்குல்ல."

"பையன் நல்லா ஆடினா போயிருவான், தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்காக கோல் வாங்குடான்னா சொல்ல முடியும்?"

அன்றைக்குத்தான் கேட்டேன், ஏன் எப்போதும் கீப்பர் பக்கம் என்று. ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"மொதல்ல உங்க கூட்டத்தோடதான் நின்னேன். ஒரு சீசன் முழுக்க. யாரும் ஒண்ணும் பேசல. நானா எப்படிப் பேசறது? ஒருநாள் இடைவேளைல டீ வாங்கிட்டு வந்தேன், பழைய எடத்துலயே நின்னுட்டேன். பக்கம் மாறணும்னு அப்பவும் வழக்கம் படியல. பாத்தா என்னத் தவிர யாரும் இல்ல. முன்னால நம்ம கீப்பர். அப்ப இருந்தவரு, ஸ்டூவர்ட் மெல்லர். திரும்பிப் பாத்து, 'என்ன குளிரு, இல்ல?'ன்னாரு. ஆமான்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? இந்த ஊருல வேலை விஷயமா இல்லாம எங்கிட்டப் பேசுன மொத ஆளு அவருதான்."

எனக்குச் சுருக்கென்றது. புருஷன் கதையும் மகன் கதையும் இதைவிடக் கேட்பதற்கு எளிதாக இருந்தன.

சனிக்கிழமை வந்தது. தலைமைக் காவல் ஆள் தெல்மாவை ரயில் முனையில் கோலுக்கு நேர் பின்னால் நிறுத்தி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டான். முதல் பாதியில் ஜோயல் டீக்கொட்டகை முனையில் நின்றான். சீட்டு வாங்கி வந்திருந்தால் அந்தப் பாதியையாவது அவனோடு நின்றிருப்பாள். என் யோசனை அதையும் பிடுங்கிக்கொண்டது. மைதானமே நிறைந்து வழிந்தது. அவள் முன்னால் ஆயிரம் வெளியூர்க்காரர்கள், பின்னால் யாரோ முன்பின் தெரியாத எதிரணிக் கீப்பர்.

இடைவேளை முடிந்ததும் கூண்டைப் பூட்டிவிட்டு ரயில் முனை ஓரமாகப் போய் நின்றேன். ஜோயல் கோலுக்கு வந்தான். வலைக்கும் அவள் முதுகுக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. இத்தனை வருஷத்தில் எந்தக் கீப்பருக்கும் அவள் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

"தெல்மா! நீங்களா அது?"

"திரும்பக் கூடாதுடா தம்பி. நீ பேசு."

"சட்டை எடுப்பா இருக்கு."

"கிண்டலா? காலைல சாப்டியா?"

"எறங்கவே இல்ல. பயமா இருக்கு."

"எனக்கும்தான். முன்னாடி நிக்கறவன் மொறைக்கிறான்."

கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த தடியன் ஒருவன் அவளைப் பார்த்துக் கத்தினான். "பாட்டி, கொஞ்சம் நகருங்க! உங்க கீப்பர் அழறதப் பாக்கணும்!"

"நான் நகந்தா அவன் உன் மூஞ்சியப் பாத்துருவான் கண்ணு. பயந்துருவான்ல?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தடியனும் சிரித்துவிட்டான். ஜோயல் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

மறுமுனையில் கார்னரிலிருந்து வந்த பந்து எங்கள் கணக்கு வாத்தியார் முட்டியில் பட்டு உள்ளே போனது. முட்டிதான், தலை என்று இன்றைக்கும் அவர் சாதிப்பார். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க எங்கள் கோல் பக்கமே நடந்தது. ஜோயல் தாவினான், விழுந்தான், குத்தினான், காலால் தடுத்தான். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. தன் பின்னால் அவன் சேற்றில் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள்கள் மட்டும் ஒருமுறை உயர்ந்து இறங்கும். வலை அசையவில்லை என்று தெரிந்ததும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் எதிரணிக்கு பெனால்டி. எங்கள் இருநூறு பேர் அன்றைக்கு இரண்டாயிரம் ஆகியிருந்தார்கள். அவ்வளவு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"தெல்மா, எந்தப் பக்கம் தாவட்டும்?"

"என்னக் கேட்டா? எனக்கு என்னடா தெரியும்?"

"சும்மா ஒண்ணு சொல்லுங்க."

"உன் வலப்பக்கம். அந்தப் பக்கம் சேறு கம்மி."

வலப்பக்கம்தான் தாவினான். பந்தும் அங்கேதான் வந்தது.

எனக்குப் பந்து அவன் கையில் பட்டுத் தெறித்தது தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது வேறு. பிற்பாடு சொன்னாள்: "ஆயிரம் பேரும் மூச்சப் பிடிச்சாங்க நெவில். முன்வரிசைல ஒரு சின்னப் பொண்ணு கண்ண மூடிக்கிச்சு. அப்பறம் எல்லா வாயும் தொறந்துச்சு, ஆனா சத்தம் வரல. அந்த மொகங்களப் பாத்துத்தான் பையன் புடிச்சுட்டான்னு தெரிஞ்சுது. போயிருவான்னும் அப்பவே தெரிஞ்சுது."

விசில் ஊதியதும் எங்கள் ஜனம் தடுப்பைத் தாண்டி ஓடிவந்து ஜோயலைத் தூக்கிக்கொண்டது. தெல்மா திரும்பவில்லை. வெளியூர்க்காரர்கள் கடைசி ஆள் வெளியேறும்வரை அவர்களைப் பார்த்தபடியே நின்றாள். அழுதுகொண்டே போன சிலரை ஊருக்குப் பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

வெகுநேரம் கழித்து, நானும் தெல்மாவும் வாசலில் நிற்கும்போது, ஜோயல் ஈரத்தலையோடு வெளியே வந்தான். நல்ல கோட்டுப் போட்ட பெரிய கிளப் ஆள் பக்கத்தில் நின்றார். ஜோயல் அவரை விட்டுவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தான்.

"தெல்மா! பாத்தீங்களா? பாத்தீங்களா?"

"இல்லடா தம்பி."

அவன் முகம் ஒரு கணம் விழுந்தது. அவன் கன்னத்தில் இன்னும் ஒட்டியிருந்த சேற்றை அவள் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். "கேட்டேன். நல்லா கேட்டுச்சு" என்றாள்.

கிறிஸ்துமஸுக்குள் ஜோயல் போய்விட்டான். போகுமுன் அவள் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு, வாராவாரம் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஓரிரு தடவை பண்ணினான். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வயதில் நானும் யாருக்கும் போன் பண்ணியதில்லை.

அவனுக்குப் பதில் பெரிய கிளப் ஒன்றின் இளைஞர் அணியிலிருந்து ரீஸ் என்ற பையன் இரவலாக வந்தான். காரிலிருந்து இறங்கும்போதே காதில் ஏதாவது மாட்டியிருப்பான். எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று தண்ணீர் பாட்டிலில் எழுதி ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருப்பான். தெல்மா வழக்கம்போலப் பின்னால் போய் நின்று சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. பையனுக்குக் கூச்சம் என்று என்னிடம் சொன்னாள். அடுத்த ஆட்டத்தில் பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள். அதற்கடுத்த ஆட்டத்தில் மழையைப் பற்றி. ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் கிளைவ் என் கூண்டுக்குள் தலையை நீட்டினான்.

"நெவில், நம்ம தெல்மாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லணும். பின்னாடி நின்னு பேசறது கவனத்தக் கலைக்குதாம். பையன் மேனேஜர்கிட்டச் சொல்லிட்டான்."

"நம்ம ஆளுங்களே அவன் பொறப்பப் பத்திக் கத்தறானுங்க. அது கலைக்கலையா?"

"அது பழகிருச்சாம். இது சாப்டியான்னு கேக்குதாம். கேட்டா என்ன சாப்ட்டோம்னு யோசிக்க ஆரம்பிச்சுடறானாம்."

"நீ சேர்மன். நீ போய்ச் சொல்லு."

"உனக்குத்தானப்பா அவங்களத் தெரியும்."

தெரியுமா? என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் கடைசியில் நான்தான் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ரீஸ் இன்னும் மைதானத்துக்கு வரவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலி கோலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழையைப் பற்றி ஏதோ உளறினேன்.

"அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?" என்றாள்.

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. குளிருக்குச் சட்டையை இழுத்து மூடுகிற மாதிரி எதையோ உள்ளே இழுத்து மூடிக்கொண்டாள். "சரி. நான் பேசல. இங்க நின்னுக்கலாமா?"

"நிக்கலாம்மா. யாரு வேணாங்கறா?"

இடைவேளையில் வழக்கம்போல எங்கள் ஜனம் ஒரு பக்கம் போனது, அவள் எதிர்ப்பக்கம் வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கூண்டைப் பூட்டிவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்துபோய் அவள் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்றேன். முன்னால் ரீஸ் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். பந்து வெகுதூரத்தில் இருந்தது. என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து, "தெல்மா, மதியம் என்ன சாப்ட்ட?" என்று கேட்டேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். கீப்பர் முதுகைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்" என்றாள். "பையனுக்குத் தொந்தரவு."